உடம்பில் ‘புதிய உறுப்பு’ கண்டுபிடித்தார்கள் என்றால் என்ன அர்த்தம்?

எங்கள் பெரியப்பாவுக்கு அடிநாக்கில் புற்றுநோய் வந்தபோது 33 நாள் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நோய் குணமாகிவிட்டது, வாய் காய்ந்துபோனது. இட்லியைப் பிட்டு வாயில் வைப்பார். மென்றுகொண்டே இருப்பார், அது மாவாகவே நிற்கும், உள்ளே இறங்காது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ராத்திரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று தலைமாட்டில் சொம்போடு படுப்பார். கடைசியில் குழைந்த சோற்றை ரசத்தில் கரைத்துக் குடிப்பதுதான் அவருக்குச் சாப்பாடு என்று ஆகிவிட்டது.

2020 அக்டோபரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு, மூக்குக்குப் பின்னால் இதுவரை யாருக்கும் தெரியாத உமிழ்நீர்ச் சுரப்பி. கீழே வரிசையாகப் பதில்கள். “இவ்வளவு நாள் டாக்டர்கள் எதைத்தான் படித்தார்கள்?” என்று ஒருவர். “இதையெல்லாம் நம் முன்னோர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்” என்று இன்னொருவர். பெரியப்பா மட்டும் போன் செய்து, “ஏம்ப்பா, என் வாய் காயறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?” என்று கேட்டார்.

அந்தக் குழுவில் எழுதிய எல்லோரையும்விட அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனபோது படித்துத் தெரிந்துகொண்டதை, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

அது அங்கேயேதான் இருந்தது

நாற்பது வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஒருநாள் கூடத்துச் சுவரில் ஓதம் அடிக்கிறது. பிளம்பர் வந்து தட்டிப் பார்த்து, காரையைக் கொஞ்சம் பெயர்க்கிறார். உள்ளே ஒரு பழைய குழாய் ஓடுகிறது. வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தக் குழாய் நேற்று முளைத்ததா? இல்லை. நாம் அந்தச் சுவரை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

உடம்பில் புதிய உறுப்பு என்று வரும் செய்திகளும் இப்படித்தான். மனிதர்களுக்குப் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. நம் கொள்ளுப்பாட்டிக்கும் அந்தச் சுரப்பி இருந்தது. சில சமயம் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில சமயம் பார்த்திருப்பார்கள், இன்னதென்று புரிந்திருக்காது. இன்னும் சில சமயம் அறுவை மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த ஒன்றுக்குப் பாடப்புத்தகத்தில் இப்போதுதான் தனி இடம் கிடைத்திருக்கும். தலைப்பில் மட்டும் மூன்றுக்கும் ஒரே வார்த்தை: ‘கண்டுபிடிப்பு’.

அறுத்துப் பார்த்தும் ஏன் கண்ணில் படவில்லை?

உடலைப் பிரித்து, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எதோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் படிப்புக்கு உடற்கூறியல் என்று பெயர். வெசாலியஸ் என்பவர் இறந்த உடல்களைத் தன் கையாலேயே அறுத்துப் பார்த்து, கண்டதைப் படங்களோடு வெளியிட்டது 1543இல். ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது. இவ்வளவு பேர் அறுத்துப் பார்த்த பிறகும் எப்படி ஒன்று விட்டுப்போகும்?

முதல் காரணம், இறந்த உடலில் எதுவும் ஓடுவதில்லை. நீர் நிறைந்து விரிந்திருக்கும் இடங்கள் உயிர் போனதும் வற்றி ஒட்டிப்போகும். இரண்டாவது, கத்தி எங்கே போகிறதோ அந்த வழியில் இருப்பது சிதைந்துவிடும். தினமும் அதே வழியில்தான் அறுப்போம் என்றால் அதே இடம்தான் தினமும் சிதையும். மூன்றாவது, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் சதையைப் பதப்படுத்தி, மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அந்தப் பதப்படுத்துதலே சதையின் உருவத்தை மாற்றிவிடும்.

கடையில் தரும் புது பிளாஸ்டிக் பையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டி ஒரே தாள் போல இருக்கும். விரலால் தேய்த்து, வாயால் ஊதினால்தான் இரண்டு என்று தெரியும். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர் ஹர்மிந்தர் துவாவின் குழு 2013இல் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. தானமாக வந்த கண்களின் கருவிழிக்குள் நுண்ணிய காற்றைச் செலுத்தினார்கள். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி. காற்று போனதும் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு உறுதியான அடுக்கு தனியாகப் பிரிந்து வந்தது. மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைத் தனி அடுக்கு என்று சொல்லலாமா, பழைய அடுக்கின் அடிப்பகுதிதானா என்று கண் மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் கருவிழி மாற்று அறுவையில் காற்றை ஊதி அடுக்குகளைப் பிரிக்கும் மருத்துவருக்கு, காற்று இதற்கு மேலே பிரிந்ததா கீழே பிரிந்ததா என்பது முக்கியம். கீழே பிரிந்திருந்தால் அடியில் மிஞ்சுவது சட்டென்று கிழியக்கூடிய மெல்லிய சவ்வு மட்டும்தான்.

சுருக்கமாக: பார்க்கும் முறை மாறினால் தெரியும் உடம்பும் மாறுகிறது. இனி வரும் கதைகள் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது.

மூக்குக்குப் பின்னால் ஒளிர்ந்த இரண்டு இடங்கள்

பெரியப்பாவின் கேள்விக்குப் போவதற்கு முன், எச்சில் எங்கிருந்து ஊறுகிறது என்று பார்த்துவிடுவோம். உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு ஜோடி; பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இதுதான். தாடையெலும்பின் கீழே ஒரு ஜோடி. நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை போக, உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், தொண்டை என்று எங்கும் சிதறிக் கிடக்கும் பொடிச் சுரப்பிகள் ஆயிரம் வரை இருக்கலாம். எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் வவுட்டர் ஃபோகல் என்ற கதிர்வீச்சு மருத்துவரும், மத்தைஸ் ஃபால்ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு சிகிச்சையின் பக்கவிளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்பாராத விதமாக, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்காகப் பயன்படுத்தும் ஒரு ஸ்கேன் அவர்களுக்கு உதவியது.

அது பெட் ஸ்கேன். சிடி ஸ்கேனும் எக்ஸ்ரேயும் உடலின் வடிவத்தைக் காட்டுகின்றன. பெட் ஸ்கேன் ஒரு பொருள் உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டும். ஊருக்குள் எந்தெந்த வீட்டில் ஒரு குறிப்பிட்ட பத்திரிகை வாங்குகிறார்கள் என்று தெரிய வேண்டும். பத்திரிகைக்குள் ஒரு சின்ன விளக்கை வைத்து அனுப்பிவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வாங்கிய வீடுகள் மட்டும் மினுக்கும் அல்லவா? இங்கே விளக்கு என்பது மிகக் குறைந்த அளவு கதிரியக்கம் கொண்ட மருந்து. அதற்குத் தடங்காட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊசியில் ஏற்றிய தடங்காட்டி, தனக்குப் பிடித்த புரதம் இருக்கும் செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் கதிர்களைச் சுற்றிலும் இருக்கும் கருவி பிடித்து, எந்தப் புள்ளியிலிருந்து வந்தன என்று கணக்கிடும்.

புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிகுதி. அதைத் தேடித்தான் இந்தத் தடங்காட்டி போகிறது. ஆனால் அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இருக்கிறது. அதனால் புராஸ்டேட் நோயாளியின் ஸ்கேனில் அவருடைய உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து ஒளிரும். மூன்று ஜோடி ஒளிர வேண்டும். ஆனால் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்கோடியில், இடமும் வலமுமாக இன்னும் இரண்டு இடங்கள் ஒளிர்ந்தன. தற்செயலாக இருக்கலாம் என்று 100 பேரின் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தார்கள். 100 பேருக்கும் இருந்தது. சராசரி நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பிறகு தானமாக வந்த இரண்டு உடல்களில் அதே இடத்தைத் திறந்து பார்த்தார்கள். சளி போன்ற நீரைச் சுரக்கும் சுரப்பித் திசுவும், அது வெளியே வரும் துவாரங்களும் இருந்தன.

அந்த இடம் நமக்கு அறிமுகமான இடம்தான். ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்கும். அப்படித் திறப்பது காதையும் தொண்டையையும் இணைக்கும் ஒரு குழாயின் வாய். அந்த வாயை ஒட்டியிருக்கும் குருத்தெலும்பின் மேல் இந்தச் சுரப்பிகள் படிந்திருக்கின்றன. மண்டையோட்டின் அடிவாரம் அது. விரல் எட்டாது. கட்டி போல உருண்டையாக இல்லாமல் சவ்வுக்கு அடியில் பரவிக் கிடப்பதால் சாதாரண ஸ்கேனில் கண்டுபிடிப்பதும் கடினம்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் நோயாளிக்கு என்ன? இதற்கும் அவர்கள் பதில் தேடினார்கள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 723 பேரின் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். இந்தப் புதிய இடத்தில் எவ்வளவு அதிகக் கதிர் விழுந்திருந்ததோ, அவ்வளவு அதிகமாக வாய் வறட்சியும் விழுங்குவதில் சிரமமும் பதிவாகியிருந்தன.

நடுவே ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் செய்த 100 பேரில் 99 பேர் ஆண்கள். அறுத்துப் பார்த்த உடல்கள் இரண்டே இரண்டு. தொண்டையின் அந்தப் பகுதியில் பொடிச் சுரப்பிகள் உண்டு என்பது முன்பே தெரிந்ததுதான். அவை நெருக்கமாகக் கூடியிருப்பதைத் தனி உறுப்பு என்று சொல்வது அதிகம் என்று பல வல்லுநர்கள் அப்போதே எழுதினார்கள். எனக்கு அந்த வாதம் நியாயமாகத்தான் படுகிறது. தனி உறுப்போ, பொடிச் சுரப்பிகளின் கூட்டமோ, கதிர் பட்டால் கருகுவது கருகத்தான் போகிறது.

பந்தலைச் சுருட்டிய பிறகு

கல்யாண வீட்டில் பந்தல் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஐந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். மறுநாள் காலையில் மூங்கிலைப் பிடுங்கி, துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சுருட்டலை மட்டும் பார்த்த ஒருவரிடம், இதற்குள் இலை போட்டுப் பந்தி நடந்தது என்றால் நம்புவாரா?

நம் சதையைப் பற்றிய அறிவில் இப்படி ஒரு சுருட்டல் பல காலம் இருந்திருக்கிறது. புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சதைத் துண்டை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறோம். அதைப் பதப்படுத்தி, அதிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்றி, மெழுகில் பதித்து, சீவலாக வெட்டி, சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் வைக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி குறைவு. ஆனால் நீர் போய்விடுகிறது.

நியூயார்க்கில் டேவிட் கார்-லாக், பெட்ரோஸ் பெனியாஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பித்தநாளத்துக்குள், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்க்குள், ஒரு புதுவகைக் கருவியைச் செலுத்திப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியோடு நுண்ணோக்கியையும் சேர்த்தது போன்ற கருவி அது. சதையை வெட்டி எடுக்க வேண்டாம், உயிருள்ள இடத்திலேயே நுண்ணோக்கியால் பார்க்கலாம். உள்பரப்புக்குக் கீழே 60, 70 மைக்ரோமீட்டர் ஆழத்தில், ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான், வலைப்பின்னல் போல ஏதோ தெரிந்தது. எந்தப் புத்தகத்திலும் அங்கே அப்படி ஒன்று இல்லை. நோயியல் நிபுணர் நீல் தீஸிடம் கொண்டுபோனார்கள். நோயியல் நிபுணர் என்றால் ஸ்லைடில் சதையைப் பார்த்து நோயைச் சொல்பவர். ஸ்லைடில் பார்த்தால் வலையைக் காணோம்.

அப்புறம் 12 நோயாளிகளுக்கு அறுவை நடந்தபோது எடுத்த சதையை, நீர் வடிவதற்குள் உடனே உறையவைத்துப் பார்த்தார்கள். வலை அப்படியே இருந்தது. கொலாஜன் என்ற உறுதியான புரத இழைகள் மூங்கில் போலத் தாங்கி நிற்க, இடையிடையே நீர் நிறைந்த அறைகள். சாதாரண ஸ்லைடில் நீர் வடிந்து அறைகள் நசுங்கிப்போகின்றன. சில ஸ்லைடுகளில் மெல்லிய கீறல் போல ஏதோ தெரியும். வெட்டும்போது கிழிந்தது என்று நிபுணர்கள் தள்ளிவிடுவார்கள். கிழிசல் என்று தள்ளியதுதான் நசுங்கிப்போன அறைகளின் மிச்சம். 2018இல் இதை வெளியிட்டார்கள். தோலுக்கு அடியில், குடலைச் சுற்றி, நுரையீரலில், ரத்தக் குழாய்களைச் சுற்றி என்று பல இடங்களில் இதே அமைப்பு இருப்பதாகச் சொன்னார்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் இண்டர்ஸ்டிஷியம், தமிழில் இடைத்திசு வெளி எனலாம். இதில் ஒரு குழப்பம் உண்டு. செல்களுக்கு இடையே நீர் இருக்கிறது, அது நிணநீராக (இதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்) தனிக் குழாய்களில் வடிகிறது என்பது மருத்துவத்துக்கு வெகுகாலமாகத் தெரியும். அந்த இடத்துக்கு இதே பெயரும் முன்பே உண்டு. புதிதாகத் தெரிந்தது, அந்த நீர் ஸ்லைடில் காட்டுவது போல இண்டு இடுக்கில் இல்லாமல், ஒன்றோடொன்று தொடர்புள்ள, கண்டபடி பெரிய அறைகளில் இருக்கிறது என்பது. 2021இல் இன்னொரு ஆய்வு, பச்சை குத்திய மையின் துகள்கள் தோலின் இந்த வெளிகளிலிருந்து அடியில் இருக்கும் திசுவின் வெளிகளுக்கு நகர்ந்திருப்பதைக் காட்டியது. தொடர்பு இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

புற்றுநோய் மருத்துவர்களுக்கு இதில் ஏன் ஆர்வம்? குடல் சுவரின் மேல்பரப்பில் இருக்கும் வரை புற்றுநோய் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். சுவருக்குள் கொஞ்சம் இறங்கி, இந்த நீர் அறைகள் இருக்கும் அடுக்கைத் தொட்டுவிட்டால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடிவிடும். அந்த அடுக்கைத் தாண்டுவது ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த அறைகள் ஒரு விளக்கமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் இன்றைக்குச் சொல்ல முடியும். இதை வைத்து வந்த சிகிச்சை எதுவும் இல்லை.

இதுதான் வர்மப் புள்ளி, இதுதான் அக்குபஞ்சர் பாதை என்று நிறையப் பகிர்வுகள் வந்தன. நம் மருத்துவ மரபில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஆய்வு காட்டியது, உடலின் பல இடங்களில் நீர் நிறைந்த வலை இருக்கிறது என்பதை மட்டும்தான். ஒரு வைத்தியம் பலன் தருகிறதா என்பதை அந்த வைத்தியத்தையே சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டால் இரண்டுமே கெடும்.

இதுவரை பார்த்தவை: சுரப்பிகளை, வேறு காரியத்துக்காக எடுத்த ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. நீர் அறைகளை, பதப்படுத்தும் முறையே மறைத்து வைத்திருந்தது.

ஓட்டோடு போன வழுக்கை

இளநீர் வெட்டிக் குடிக்கிறோம். தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டைத் தூக்கிப் போட்டால், ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வழுக்கையும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். கரண்டி போட்டுச் சுரண்டினால்தான் அப்படி ஒன்று இருந்தது தெரியும்.

மூளைக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் நிணநீர் என்றால் என்ன என்று பார்ப்போம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீரும் கழிவும் கிருமிகளும் தனிக் குழாய்கள் வழியாக வடிந்து, முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, மறுபடி ரத்தத்தில் சேர்கின்றன. ரத்தக் குழாய் தண்ணீர்க் குழாய் என்றால், நிணநீர்க் குழாய் வடிகால்.

உடல் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. இவ்வளவு வேலை நடக்கும் இடத்துக்கு வடிகால் இல்லை என்றுதான் புத்தகங்களில் இருந்தது. எனக்கு இது படிக்கும்போதே விசித்திரமாக இருந்தது. இவ்வளவு பெரிய சமையற்கட்டுக்குச் சாக்கடை வைக்காமல் வீடு கட்டுவார்களா?

2015 ஜூன் மாதம் இரண்டு குழுக்கள், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் கிப்னிஸ் குழுவும் பின்லாந்தின் ஹெல்சின்கியில் காரி அலிட்டாலோ குழுவும், தனித்தனியாக எலிகளில் அந்த வடிகாலைக் கண்டதாக அறிவித்தன. மூளையை மூடியிருக்கும் சவ்வுகளுக்கு மூளையுறை என்று பெயர். அதில் வெளிச் சவ்வு மண்டையோட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும், இளநீர் வழுக்கை மாதிரி. மூளையை ஆராய்பவர்கள் ஓட்டைத் திறந்து மூளையை எடுத்துக்கொள்வார்கள். சவ்வு கிழிந்து ஓட்டோடு போய்விடும்.

வர்ஜீனியாவில் ஆன்டுவான் லூவோ என்ற இளம் ஆய்வாளர் வரிசையை மாற்றினார். சவ்வு ஓட்டோடு ஒட்டியிருக்கும்போதே அதைப் பதப்படுத்தினார். அதன் பிறகு முழுதாக உரித்து எடுத்து, விரித்து வைத்துப் பார்த்தார். நோய் எதிர்ப்பு செல்கள் கண்டபடி சிதறாமல் கோடு கோடாக அணிவகுத்திருந்தன. குழாய் இல்லாமல் அப்படி வரிசை கட்டாது. நிணநீர்க் குழாய்களை அடையாளம் காட்டும் சாயங்களை ஏற்றிப் பார்த்தபோது, அவை நிணநீர்க் குழாய்களேதான். கழுத்தின் ஆழத்தில் இருக்கும் நெறிகளுக்கு அவை வடிந்தன. 2017இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் உயிருள்ள மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்கள்.

இத்தாலியின் சியெனாவில் பாவோலோ மஸ்காக்னி என்பவர் 1787இலேயே, பாதரசம் செலுத்தி நிணநீர்க் குழாய்களை வரைந்தபோது மூளையுறையிலும் அவை இருப்பதாக எழுதியிருந்தார். பெரிதாக யாரும் நம்பவில்லை. அவர் சொன்னதை எடுத்துக்கொள்ள 228 வருடம் ஆனது. அவருக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அல்சைமர் நோயில் மூளையில் ஒருவகைப் புரதக் கழிவு படிகிறது. வடிகால் அடைத்தால் கழிவு சேரும் என்பது யாருக்கும் தோன்றும். எலிகளில் இந்தக் குழாய்களைச் சிதைத்தபோது படிவு கூடவும் செய்தது. உடனே ஒரு அவசரம் தொடங்கிவிட்டது. கழுத்திலுள்ள நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு இணைத்துவிட்டால் அல்சைமர் சரியாகும் என்று சீனாவில் நிறைய மருத்துவமனைகள் அறுவை செய்யத் தொடங்கின. போதிய ஆதாரம் இல்லை என்று 2025 ஜூலையில் அந்நாட்டின் தேசிய சுகாதார ஆணையமே அல்சைமருக்கு இந்த அறுவையைச் செய்யக்கூடாது என்று நிறுத்திவிட்டது. மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் குடும்பங்கள் ஏன் ஓடிப் போயின என்று புரியும். அவர்கள்மேல் தப்பே இல்லை. எலியில் ஒரு குழாய் இருப்பது தெரிந்ததற்கும் மனிதரிடம் ஒரு சிகிச்சை வேலை செய்வதற்கும் நடுவே எத்தனை வருடச் சோதனை இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

பெயர் மட்டும் புதிது

ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும். குடலோடு கொழுப்பு படிந்த ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டே வரும். அதுதான் மெசென்ட்ரி. நமக்கும் உண்டு. புடவைக் கொசுவம் போன்றது: முதுகுப் பக்கம் சுமார் 15 சென்டிமீட்டரில் ஒடுங்கி, மறுமுனையில் விசிறியாக விரிந்து ஆறு மீட்டர் சிறுகுடலைத் தாங்குகிறது.

அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் கால்வின் காஃபி 2016இல் இதை ஒரு உறுப்பாகக் கருத வேண்டும் என்று எழுதியதும், புதிய உறுப்பு என்று உலகமெங்கும் தலைப்புகள் வந்தன. லியோனார்டோ டாவின்சியே இதை வரைந்திருக்கிறார்! இடையில் 1885இல் பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இது துண்டு துண்டாக இருக்கிறது என்று சொன்னது புத்தகங்களில் நிலைத்துவிட்டது. காஃபியின் குழு காட்டியது, இது அறுபடாத ஒரே தொடர் என்பதை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் வந்தால், சுற்றியிருக்கும் இந்தக் கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறைகிறது என்று பில் ஹீல்ட் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1982இலேயே எழுதியிருந்தார். கைக்குத் தெரிந்திருந்தது, புத்தகம்தான் தாமதமாக வந்தது.

எத்தனை உறுப்பு?

இது 79ஆவது உறுப்பு, அது 80ஆவது என்றெல்லாம் போடுகிறார்கள். உடம்பில் இத்தனை உறுப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு ஒன்று கிடையாது. பல வகைத் திசுக்கள் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்தால் அதை உறுப்பு என்கிறோம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது ஓரளவுக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் எல்லைதான். ‘உறுப்பா இல்லையா’ என்ற சண்டையில் நாம் நேரத்தைச் செலவிட வேண்டாம். எத்தனை பேரிடம் பார்த்தார்கள், எலியிலா மனிதரிலா, உயிருள்ள உடலிலா இறந்ததிலா, இதனால் இன்று யாருடைய சிகிச்சையாவது மாறுகிறதா என்று நாலு கேள்வி கேட்டாலே செய்தியின் எடை தெரிந்துவிடும்.

பெரியப்பாவின் கேள்விக்கு

சம்பந்தம் இருக்கலாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். அடிநாக்குக்கு வைக்கும் கதிர் தொண்டையின் மேல்பக்கத்துக்கும் ஓரளவு எட்டக்கூடியது. ஆனால் வாய் காய்வதில் பெரும்பங்கு கன்னத்திலும் தாடையின் கீழும் இருக்கும் பெரிய சுரப்பிகளுடையது. அவர் விஷயத்தில் எது எவ்வளவு என்று இனி பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்ற முடியும். கதிர்வீச்சு தொடங்கும் முன் மருத்துவர் கணினியில் சிடி ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் கட்டியைச் சுற்றிக் கோடு வரைவார். கதிர் படக்கூடாத பாகங்களைச் சுற்றியும் வரைவார். கோடு போட்ட இடத்தைத்தான் இயந்திரத்தால் ஒதுக்க முடியும். கோடு போடாத சுரப்பி இயந்திரத்தைப் பொறுத்தவரை வெறும் சதை. கன்னத்துச் சுரப்பியை ஒதுக்கிக் கதிர் வைத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு இருந்த குறிப்பிடத்தக்க வாய் வறட்சி, சுரப்பியை ஒதுக்கிய முறையில் 38 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளுக்கும் இப்படி ஒரு கோடு போட்டால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கட்டி அந்தப் பக்கமே இருந்தால் ஒதுக்கவும் முடியாது. நோயை விட்டுவிட்டுச் சுரப்பியைக் காப்பாற்ற எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். உங்கள் வீட்டில் யாருக்காவது தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால், சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு எடுத்து முகமூடி செய்யும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். எந்தெந்த உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஒதுக்க முடியும், எவற்றை முடியாது, ஏன்? பல்லைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேளுங்கள். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். பெரியப்பாவுக்கு சிகிச்சை நடந்தபோது இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றே எங்கள் யாருக்கும் தெரியாது.